பாலத்துக் காசு

பூதக்கண்ணாடியில் காசைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாதுதான். நாணயச் சங்கத்தின் தர நிர்ணயக் குழுவில் அவளை மூன்றாவது ஆளாகச் சேர்த்துக் கைதட்டி இன்னும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆறு வருடமாக மாதம் தவறாமல் இந்த நூலக மாடியேறி, கடைசி வரிசையில் உட்கார்ந்து, 'வாஷிங் மெஷின் அம்மா' என்று முதுகுக்குப் பின்னால் பேசியதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்து வாங்கிய நாற்காலி அது. ஹோட்டல்களில் துணி உலர்த்தும் டிரையர்களைப் பழுது பார்க்கிற ஒரு மெக்கானிக்குக்கு அது கிடைக்கும் என்று அவளைத் தவிர யாருமே நம்பவில்லை. அவளை இங்கே முதன்முதலில் கூட்டிவந்த நாத்தனாரும் நம்பவில்லை. அந்த நாத்தனார்தான் இப்போது சங்கத்தின் செயலாளர்.

அவளுக்காக முதலில் கை தூக்கியவர் சங்கத் தலைவரான பல் டாக்டர். அவள் முதலில் தரம் போட வேண்டியதும் அவர் காசுக்குத்தான். ஏதோ ஒரு பெரிய பாலத்துக்கு நூறு வயதானதற்காக நாலு வருடத்துக்கு முன் புழக்கத்தில் விட்ட காசு. கடையில் மீதிச் சில்லறையாக வந்து விழுகிற சாதாரணக் காசுதான். டாக்டருடையது மட்டும் மற்றதைவிட ஒரு சுற்று சின்னது. விளிம்பு தடித்து உள்பக்கம் உருண்டிருந்தது. ஓரத்து எழுத்துகளுக்குத் தலை போய்க் கால் மட்டும் மிஞ்சியிருந்தது. நடுவில் பாலம் என்னவோ நேற்று அடித்ததுபோலப் பளபளத்தது. நாணயச் சாலையில் தவறிப்போய்ச் சின்னத் தகட்டில் அச்சடித்துவிட்டார்கள், உலகத்திலேயே இது ஒன்றுதான் என்பது டாக்டரின் கட்சி. அடுத்த மாதக் கண்காட்சியில் நடுமேசை இதற்குத்தான். தரச் சீட்டில் குழுவின் மற்ற இரண்டு பேர் கையெழுத்து ஏற்கெனவே விழுந்தாயிற்று.

"என்னம்மா, சிரிக்கிறீங்க?" என்றார் டாக்டர்.

"இது டிரையர்ல சுத்துன காசு, டாக்டர்."

அவள் விடவில்லை. டிரையர் டிரம்முக்குள் துணியைத் தூக்கிப் போட நீளமாகத் தகடுகள் உண்டு. யாருடைய சட்டைப் பையிலிருந்தோ விழுகிற காசு அந்தத் தகட்டுக்கு அடியில் இருக்கிற இடுக்கில் மாட்டிக்கொள்ளும். படுக்கவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. விளிம்பில் நின்றபடியே மாதக்கணக்கில் தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டு ஓரம் உள்ளே மடங்கும். நடுப்பக்கத்தை எதுவும் தொடாது. இருபத்திரண்டு வருடத்தில் இந்த மாதிரி எத்தனை காசுகளை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்திருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

"தராசுல போடுங்க," என்றாள். போட்டார்கள். எடை கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. "சின்னத் தகடுன்னா எடை குறையணுமில்ல?"

"தடிச்ச தகடா இருந்திருக்கும்," என்றார் டாக்டர். அவர் காது சிவந்திருந்தது. "மெஷின் ரிப்பேர்னா நான் வாயைத் திறக்க மாட்டேன். காசுன்னா நாப்பது வருஷமா பாக்கிறவன் சொல்றத நீங்க கேட்டுக்கணும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாத்தனார் அவள் முழங்கையை இடித்தாள். "அண்ணி, ஒரு கையெழுத்துதானே. போட்டுத் தொலைங்க. உங்களுக்குக் கை தூக்கினவரு அவரு."

அது அவளுக்கும் தெரியாதா? நன்றி இருந்தது. அவமானமும் கோபமும் அதோடு முட்டிக்கொண்டு நின்றன. ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக எழுதச் சொன்னால்கூட முழித்துச் சமாளித்திருப்பாள். இந்த அறையிலேயே தனக்கு மட்டும் நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தெரியாததாக எழுதச் சொல்கிறார்களே. அதற்கு எதற்கு இவளுக்கு ஒரு நாற்காலி? தலையாட்டத்தான் என்றால் கடைசி வரிசையிலேயே ஆட்டியிருக்கலாமே.

சீட்டை இழுத்து, தரம் என்ற இடத்தில் 'சேதமடைந்த காசு, தரம் போட இயலாது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

"அப்போ நிரூபிங்க," என்றார் டாக்டர். "எங்கயோ கெடந்த காசைக் கொண்டாந்து நீட்டக் கூடாது. நம்ம பதிவேட்டுல போட்டோவோட ஏறின ஒரு காசை இப்படி ஆக்கிக் காட்டணும். அதுவரைக்கும் குழுவுல உங்க பேரு நிக்காது."

பதிவேட்டில் இருந்த பாலத்துக் காசுகளில் உயர்ந்த தரம் அறுபத்தேழு. எழுபதுக்கு அறுபத்தேழு. அது அவளுடையது. வங்கியில் சில்லறையைக் கட்டு கட்டாக மாற்றி, நாலாயிரம் காசைப் புரட்டி, பதினோரு மாதத்தில் பொறுக்கியெடுத்தது. அவளிடம் பதிவேட்டில் ஏறிய காசு அது ஒன்றுதான். மூன்றாவது தூணுக்குக் கீழே மயிரிழையில் ஒரு கீறல் என்று டாக்டரே தன் கையால் எழுதியிருந்தார். குழுவில் சேர்கிற நாளாயிற்றே என்று இன்று கைப்பையில் கொண்டுவந்திருந்தாள்.

எடுத்து மேசைமேல் வைத்தாள். கைப்பையில் கிடந்த ஸ்குரூடிரைவரை பிளாஸ்டிக் உறையின் விளிம்பில் கொடுத்து நெம்பினாள்.

முதலில் எழுந்தவர் டாக்டர்தான். "அதை விடுங்கம்மா. அறுபத்தேழு அது. சொன்னாக் கேளுங்க."

உறை பிளந்தது. ஓரத்தைப் பிடித்து எடுப்பாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கட்டைவிரலைப் பாலத்தின்மேலேயே அழுத்தி எடுத்தாள். விரல் ரேகை பட்டால் அந்தத் தரம் போயிற்று. அறையில் ஒரே நேரத்தில் நாலைந்து பேர் 'ஐயோ' என்றார்கள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆறு மாசம்," என்றாள். "கீறல் நடுவுலதானே இருக்கு, அது எங்கயும் போகாது, இதே காசுன்னு தெரியும். அன்னிக்கு இதையும் உங்க காசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்போம்."

மறுநாள் மதியம் ஹோட்டல் சலவைக்கூடத்தில் மூன்றாம் நம்பர் டிரையரின் பெல்ட்டை மாற்றிவிட்டு, உள்தகட்டின் ஒரு திருகைத் தளர்த்தினாள். காசைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து இடுக்கில் செருகினாள். விடுவதற்குமுன் விரல் கொஞ்சம் தயங்கியது. அழுகை வந்தது, அதை அவள் தடுக்கவில்லை. பிறகு திருகை முடுக்கிக் கதவைச் சாத்தி ஓடவிட்டாள்.

சலவைக்கூட மேற்பார்வையாளர் ஈரத்துணி வண்டியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். "அக்கா, உள்ள ஏதோ தட்டுதே. சர்வீஸ் முடிஞ்சுதுன்னு சொன்னீங்க?"

"முடிஞ்சுது. மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது."

"சத்தம்?"

அவள் கருவிப்பெட்டியை மூடி அதன்மேலேயே உட்கார்ந்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் தூக்கியெறியப்பட்டு விழுந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே எங்கோ டிக், டிக், டிக் என்று விடாமல் கேட்டது.

"அது தட்டட்டும்," என்றாள்.