கேட்டைப் பூட்டாதவன்

லியாண்ட்ரோ அர்சியாகாவின் பெயர் வானொலியில் வந்தபோது பெர்லிட்டா ஒரு பாங்குஸ் மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள். ஐரோப்பாவில் ஒரு குளிர்நாட்டுக்கு அவரைத் தூதராக அதிபர் நியமித்திருக்கிறாராம். நியமனக் குழு ஒப்புதல் தந்துவிட்டால் அடுத்த மாதமே பயணமாம்.

பெர்லிட்டா கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். மலபோன் சந்தையில் அவளுக்குப் பக்கத்துக் கடை லோலெங்குடையது.

"கடையக் கொஞ்சம் பாத்துக்கோடி. நோட்டரி ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்."

நாலு வருஷமாக இந்த ஒரு பெயருக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

அவள் புருஷன் யூசெபியோ பாலைவன நாடொன்றில், தங்கள் நாட்டுத் தூதரகத்தின் வாசற்காவலனாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். "கேட்டோட கீல் ஒடிஞ்சு கெடக்கு, பெர்லி. பூட்டு நிக்கவே மாட்டேங்குது. சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருக்கேன், மாட்டக் கட்டற மாதிரி" என்று சிரிப்பான்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஏதோ ஒரு வதந்தியை நம்பிக் கூட்டம் திரண்டு வந்தது. சங்கிலி இரண்டு உலுக்குக்குத் தாங்கவில்லை. வேலை பார்த்த வீடுகளில் அடி தாங்காமல் ஓடிவந்து தூதரகத்தில் தஞ்சம் புகுந்திருந்த பதினொரு பெண்களையும், மெல்பா என்கிற எழுத்தரையும் யூசெபியோ பின்வாசல் வழியாக வெளியே தள்ளினான். அந்தக் கதவுக்குத் தன் முதுகைக் கொடுத்து நின்றான். நின்ற இடத்திலேயே அடித்துக் கொன்றார்கள்.

விசாரணை அறிக்கை அவனை ஒரே வரியில் முடித்தது: 'பணியிலிருந்த காவலர் வாசற்கதவைப் பூட்டத் தவறினார்.' பணியில் உயிர்விட்டவர்களுக்காக அமைச்சகத்தில் ஒரு சுவர் இருக்கிறது. அதில் அவன் பெயர் ஏறவில்லை. தூதரகங்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த அர்சியாகாவுக்குப் பதவி உயர்வு வந்தது.

மெல்பா ஊர் திரும்பியதும் நேரே பெர்லிட்டாவிடம் வந்தாள். கேட்டைச் சரிசெய்யக் கேட்டு யூசெபியோ சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்த ஐந்து கடிதங்களின் நகலும், ஐந்துக்குமாகச் சேர்த்து வந்த ஒரே பதிலும் அவள் கையில் இருந்தன.

"பேப்பர்காரங்ககிட்ட குடுத்துடலாம்க்கா."

"குடுத்தா? ரெண்டு நாள் பேசுவாங்க. அந்த ஆள வேற நாற்காலிக்கு மாத்துவாங்க. வேண்டாம் மெல்பா. இன்னும் மேல ஏறட்டும். ஊரே அண்ணாந்து பாக்கற எடத்துக்கு வரட்டும்."

இப்போது வந்துவிட்டார். ஒரு நியமனத்தை எதிர்த்து யார் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம், மீன்காரிகூட. பெர்லிட்டா கொடுத்தாள்.

நாலாம் நாள் காலை அர்சியாகாவே சந்தைக்கு வந்தார். செதிலும் தண்ணீருமாகக் கிடந்த தரையில் பளபளக்கும் கறுப்பு ஷூவோடு கவனமாகக் கால் வைத்து வந்தார். யூசெபியோவின் அக்கா இசிங் அப்போது கடையில் இருந்தாள். பதறிப்போய் முக்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காராதீங்க சார், சட்ட நாறிடும்" என்றாள் பெர்லிட்டா.

அவர் நின்றபடியே பேசினார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரை அந்தச் சுவத்துல போட ஏற்பாடு பண்றேன். அறிக்கையில இருக்கற அந்த வரியையும் எடுத்துடலாம். மனுவ மட்டும் வாபஸ் வாங்கிடுங்க."

"அப்போ அந்த வரி பொய்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் மீன் குவியலைப் பார்த்தார். "அந்தச் சமயத்துல எங்களுக்கும் பல நெருக்கடிம்மா."

"பெர்லி, ஒத்துக்கோடி" என்று இசிங் அவள் முழங்கையைப் பிடித்தாள். "என் தம்பி மேல இருக்கற பழி போயிடும். நமக்கு அது போதாதா?"

"உங்க தம்பி செத்துக் கெடந்தப்போ பழிய எழுதினவங்க, இப்போ இவருக்கு ஏரோப்ளேன் ஏறணும்னு அழிச்சுத் தராங்களாம். அப்படி ஒண்ணும் எனக்கு வேண்டாம் அண்ணி." அவர் பக்கம் திரும்பினாள். "மீன் வாங்கறீங்களா சார்? இல்லேன்னா வழிய விடுங்க, யாவார நேரம்."

லோலெங் தன் கடையிலிருந்து கத்தினாள்: "ஐயா, பாத்துப் போங்க! தரை வழுக்கும்!" சந்தையே சிரித்தது.

நியமனக் குழுவின் விசாரணை நாளன்று அர்சியாகாவின் மனைவியும் இரண்டு மகள்களும் முன்வரிசையில் அலங்காரமாக உட்கார்ந்திருந்தார்கள். பெர்லிட்டாவைப் பேச அழைத்தார்கள். மைக்கை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் பெருசா ஒண்ணும் சொல்ல வரலீங்க. இவரு எழுதின லெட்டர இவரே சத்தமாப் படிக்கணும். அவ்வளவுதான்."

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் தலையசைத்தார். அர்சியாகா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மனுவோடு இணைத்திருந்த அந்தப் பதிலைத் தாழ்ந்த குரலில் படித்தார்: "ஏற்கெனவே பூட்டு உள்ள கதவுக்கு மேலும் செலவு தேவையற்றது. காவலரைக் கூடுதல் கவனத்துடன் இருக்கச் சொல்லவும்."

"கேக்கல சார்" என்றாள் பெர்லிட்டா.

மறுபடி படித்தார். இந்த முறை கடைசி வரிசைக்கும் கேட்டது.

"கீழ யாரு கையெழுத்து?"

"என்னுடையது."

"அதுக்கு எத்தன நாள் கழிச்சு என் புருஷன் செத்தாரு?"

கடிதத்தின் தேதியைப் பார்த்து எண்ணி, "பத்தொன்பது நாள்" என்றார்.

"அப்போ கேட்டைப் பூட்டாதவன் யாரு சார்?"

அதற்குப் பிறகு உறுப்பினர்கள் விடவில்லை. ஆளுக்கொரு கேள்வியாக ஒரு மணி நேரம் அவரைப் பிய்த்தெடுத்தார்கள். நியமனம் நிராகரிக்கப்பட்டது. இளைய மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகையையும் பெர்லிட்டா முகம் திருப்பாமல் பார்த்தாள். தன் வீட்டில் அன்றைக்கு அழுதபோது பார்க்க எவரும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பாவமாக இருக்குமோ என்று உள்ளே தேடிப் பார்த்தாள். இல்லை. இனித்தது.

படியிறங்கும்போது இசிங் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். "பேரு சுவத்துல ஏறல. வரியும் அப்படியே இருக்கு. இது போதுமாடி உனக்கு?"

"போதாது அண்ணி" என்றாள் பெர்லிட்டா. பின்னால் வந்துகொண்டிருந்த மெல்பாவிடம் திரும்பினாள். "அந்த அறிக்கைய எழுதினவரு இப்போ எந்த ஆபீஸ்ல இருக்காரு?"