ரெனே வெட்டிய வவ்வால் கம்மல்

ரெனேயைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் என் நாக்கு அழுகிப் போகட்டும். எங்கள் தெருவில் பதினொரு வீடு. அக்டோபரில் பேய் வேஷம் கட்டும் ஹாலோவீன் வந்துவிட்டால் பதினொரு வீட்டுப் பெண்கள் காதிலும் தொங்குவது அவள் செய்த கம்மல்தான். போன வருஷம் மண்டையோடு. அதற்கு முந்தின வருஷம் சிரிக்கிற பூசணி. பார்ப்பவர்கள் கடையில் வாங்கியது என்றுதான் நினைப்பார்கள். கடைக்காரன் பார்த்தால் வெட்கப்படுவான்.

அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். முப்பது வருஷமாக அடுத்தவர் வாய்க்குள் வேலை பார்த்த கை, நடுக்கம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. சனிக்கிழமையானால் சாப்பாட்டு மேஜைத் துணியை உருவிப் போட்டுவிட்டு வெட்டும் மெஷினைத் தூக்கி வைப்பாள். ரொட்டிப் பெட்டி அளவுதான் இருக்கும். கம்ப்யூட்டரில் வரைந்ததை உள்ளே இருக்கிற சின்னக் கத்தி அப்படியே வெட்டித் தரும் என்று சொல்கிறார்கள். சொல்லத்தான் சொல்கிறார்கள்! நானும் ஒன்று வாங்கினேன். மூன்று ரெக்சின் தாளைக் கடித்துக் குதறியது. மெஷின் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

ரெனே செய்வதைப் பார்க்க வேண்டும். பளபளப்பு ஒட்டிய ரெக்சினை முகம் குப்புற ஒட்டும் பாயில் வைப்பாள், ஏனென்றால் கத்தி முதுகுப் பக்கமிருந்துதான் வெட்ட வேண்டும். உருளையால் நாலு தடவை அழுத்துவாள். நாலு ஓரத்திலும் பேப்பர் டேப். பிறகு மெஷினின் கம்பியில் இருக்கும் வெள்ளை வளையங்களை ஓரத்துக்குத் தள்ளுவாள். தள்ளாவிட்டால் பஸ் டயர் போன தடம் மாதிரி ரெக்சினில் கோடு விழும். "முதுகுலதானே விழும், யாருக்குத் தெரியப் போவுது?" என்று ஒரு தடவை கேட்டேன். "தொங்குற சாமான் திரும்பாதாடி? முதுகையும் நாலு பேர் பாப்பாங்க" என்றாள். அன்றைக்கே அவளுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

நான் ஆர்லிஸ். எங்கள் ஊர்ப் பள்ளியின் பதினாலாம் நம்பர் பஸ் என்னுடையது. இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். மினசோட்டாப் பனியில் ஒரு நாள்கூட ஒரு பிள்ளையைச் சாலையில் நிற்க வைத்ததில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது எனக்கு.

அந்தப் பெருமைக்குத்தான் ஆபத்து வந்தது. ஆகஸ்டு மாதம் பஸ் ஓட்டுகிறவர்களுக்கு உடல் பரிசோதனை. டாக்டர் எனக்குப் பின்னால் ஐந்தடி தள்ளி நின்று கிசுகிசுப்பார், சொன்னதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். எப்போது ஆரம்பிப்பார் என்று காத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் முன்னால் வந்து நின்று, "நாலு தடவை சொல்லிட்டேனே, ஆர்லிஸ்" என்றார். காதில் கருவி போட்டுக்கொண்டு திரும்ப வந்து தேற வேண்டும், இல்லையென்றால் பஸ் கிடையாது. பஸ் ஓட்டலாம் என்று போன தடவை கொடுத்த அட்டை அக்டோபர் முப்பத்தொன்று வரை செல்லும்.

இரண்டு காதுக்கும் கருவியை வாங்கிவிட்டேன். காதுக்குப் பின்னால் உட்காரும், தோல் நிறத்தில், வேகவைத்த இறால் மாதிரி. ஒரு நாள்கூடப் போடவில்லை. என் அப்பாவுக்கும் காது மிஷின் இருந்தது. சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே அது கீச்சென்று கத்தும். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள், அவர் பக்கத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். நாற்பத்தெட்டு பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் அப்படிச் சிரிப்பதற்கு நானே வண்டியோட்டிக்கொண்டு போவேனா? மாட்டேன். டிப்போவைப் பார்த்துக்கொள்ளும் டுவேனிடம் போய், "முப்பத்தொண்ணோட சாவியைக் கொடுத்துடறேன்" என்றேன். "அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள டாக்டர் பேப்பர் வந்தா வண்டி உங்களுது. இல்லேன்னா சாவி என்னுது. உங்களை மாதிரி ஓட்ட ஆள் எனக்குக் கிடைக்காது, யோசிங்க" என்றான். யோசிப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ரெனேயிடம்கூட மூச்சு விடவில்லை.

ஹாலோவீனுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் அவள் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். இந்த வருஷம் பூனைக் கம்மல். இரண்டு பூனையும் முகத்தைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும் என்று ஒன்றை இடமும் ஒன்றை வலமுமாக வரைந்து வைத்திருந்தாள். நான் வரைந்திருந்தால் இரண்டும் ஒரே திசையில் ஓடியிருக்கும். கருப்புப் பளபளப்புத் தாளில் அதுதான் கடைசி. அடுத்த தாள் வாங்க அறுபது கிலோமீட்டர் போக வேண்டும். மெஷின் முதல் சுற்று வெட்டி நின்றது. ரெனே அடுப்பிலிருந்து கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகும் ஹாட்டிஷ் தட்டை எடுக்கச் சமையலறைக்குப் போயிருந்தாள்.

நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று பொத்தானை அமுக்கிப் பாயை வெளியே உருவினேன்.

அவ்வளவுதான். ஓடி வந்தாள். சூட்டுக் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. ரெக்சின் ஒரு சுற்றில் அறுபடாது, மூன்று சுற்று ஓட வேண்டும். நடுவில் பாயை எடுத்துவிட்டால் கத்தி மறுபடி அதே கோட்டில் இறங்கவே இறங்காது. பன்னிரண்டு பூனையும் பாதி அறுபட்டுப் பாயிலேயே செத்துக் கிடந்தன.

"பாயை எடுக்காதடின்னு கத்தினேனே! மூணு தடவை!"

"கேட்டுச்சு. கை தவறிடுச்சு."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்கறேன்ல!"

அவள் என் பின்பக்கம் போனாள். நான் பாயில் இருந்த பூனை ஒன்றைப் பெயர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முன்னால் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னடி?" என்றேன்.

"உன் தோள்ல பெரிய சிலந்தி ஓடுதுன்னு சொன்னேன். ரெண்டு தடவை. சிலந்தின்னா மேஜை மேல ஏறுற ஆளு நீ. அசையவே இல்லை."

"வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் குறையத்தான் செய்யும்" என்றேன்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே, ஆர்லிஸ். எத்தனை நாளா?"

சொல்லிவிட்டேன். டாக்டர், டுவேன், சாவி, எல்லாவற்றையும். கைப்பையில் கிடந்த கருவிப் பெட்டியையும் எடுத்து, "இந்த வெந்த இறாலைத்தான் காதுல மாட்டணுமாம்" என்று மேஜையில் வைத்தேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். அவளாவது!

"மண்டைக்கனம் பிடிச்ச கழுதை!" என்று கத்தினாள், அது எனக்கு நன்றாகவே கேட்டது. "இருபத்திரண்டு வருஷம் ஓட்டின வண்டியை இந்த இத்துனூண்டு பிளாஸ்டிக்குக்கு பயந்து எவன் கையிலயோ கொடுக்கப் போறியா?"

"பசங்க சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டுமே!"

"உனக்கென்ன, சுலபமா சொல்லிட்டே." என் குரல் உடைந்துவிட்டது. "சிரிப்பு என் அப்பாவோட போகட்டும்."

ரெனேக்கு என் அப்பாவைத் தெரியும். சர்ச்சில் அதே வரிசையில் உட்கார்ந்தவள். அவள் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. கருவி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பல்லுக்குப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்து அடியையும் பார்த்தாள். அளவுகோலால் அளந்து ஒரு பழைய உறையின் பின்னால் எழுதினாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஹாட்டிஷ் ஆறிக்கொண்டிருந்தது, அவளுக்கு நினைவே இல்லை.

"என்ன செய்யறே?"

"வவ்வால்" என்றாள். "தலைகீழாத் தொங்குற ஜந்துவுக்குத் தொங்க ஒரு இடம் வேணும்ல? உன் இறால் மேல தொங்கட்டும்."

இனி நான் சொல்வதை நம்புங்கள், கண்ணால் பார்த்தேன். மடித்த சிறகோடு ஒரு வவ்வாலை வரைந்தாள், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. கால் இரண்டையும் மெல்லிய பட்டையாக நீட்டி, நுனியில் ஒரு துளை வைத்தாள். அந்தத் துளை கருவியின் உடம்பைக் கவ்விக்கொள்ள வேண்டும். நான் கெடுத்த தாளின் ஓரத்தில் பூனை படாத இடம் ஒரு விரல் அகலம் மிச்சமிருந்தது. அதைக் கத்தரித்து, குப்புற ஒட்டி, டேப் போட்டாள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள், இவளுக்கு என் முட்டாள்தனமே போதுமானதாக இருந்தது.

முதல் வவ்வாலின் துளை பெரியது, வழுக்கி விழுந்தது. இரண்டாவதன் கால் மெலிசு, மாட்டும்போதே கிழிந்தது. மூன்றாவது அழகாக உட்கார்ந்தது. கருவியை என் காதில் மாட்டிவிட்டு, "எப்படி இருக்கு?" என்றாள். போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்டது. சொன்னேன். கண்ணாடியை வைத்துப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். கருவியின் முதுகில் ஊசிமுனை அளவு இரண்டு ஓட்டை, சத்தம் உள்ளே போகிற வழி அது, பட்டை அதை மூடியிருந்தது. இன்னொருத்தியாக இருந்தால் இந்த இடத்தில் கைகழுவியிருப்பாள். ரெனே பட்டையை ஒரு நூலளவு கீழே இறக்கி வரைந்து, இடது காதுக்கு ஒன்று, திருப்பிப் போட்டு வலது காதுக்கு ஒன்று என்று கடைசித் துண்டில் வெட்டினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரத்தைக் கொக்கி ஊசியால் மெல்லத் தூக்கிப் பார்த்தாள். மூன்றாவது சுற்றில் இரண்டு வவ்வாலும் பாயிலிருந்து பிசிறில்லாமல் எழுந்து வந்தன.

மாட்டினேன். கனமே இல்லை, உலோகக் கம்மல் மாதிரி கருவியில் இடித்துக் கிணுகிணுக்கவும் இல்லை. அவள் சமையலறைக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாதாரணக் குரலில், "ஹாட்டிஷ் ஆறிப்போச்சு, வர்றியா இல்லையா?" என்றாள்.

"வர்றேன்டி" என்றேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன்.

சாப்பிடும்போது அவள் பேரம் பேசினாள். "ஒரு நாள் போடு. ஹாலோவீன் அன்னிக்கு மட்டும். ஊரே வேஷம் கட்டுற நாள்ல உன் காதுல வவ்வால் தொங்கினா எவன் கேக்கப் போறான்? சாயங்காலம் சாவியைக் கொடுத்தே ஆகணும்னு தோணிச்சுன்னா கொடுத்துடு. நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீயா?"

"சத்தியமா."

வியாழக்கிழமை, முப்பத்தொன்றாம் தேதி காலை, வவ்வாலை மாட்டிக்கொண்டு பஸ்ஸைக் கிளப்பினேன். பிள்ளைகள் குளிர் கோட்டுக்கு மேலேயே வேஷத்தை மாட்டிக்கொண்டு ஏறினார்கள், எல்லாரும் உப்பிப்போய் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு வாயாடி ஒருத்தி என் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள்.

"மிஸ் ஆர்லிஸ், உங்க வவ்வால் எதைப் பிடிச்சுத் தொங்குது?"

"என் காது மிஷினை" என்றேன். பொய் சொல்ல நேரமில்லை.

"கடிக்குமா?"

"சத்தம் போடுறவங்களை மட்டும்."

அவள் சிரித்தாள். ஆனால் திரும்பிப் பின்னால் பார்த்து, "டேய், மிஸ் ஆர்லிஸ் வவ்வாலுக்கு எல்லாம் கேக்குமாம், ஒழுங்கா உக்காருங்க!" என்று கத்தினாள். ஏழாவது சீட்டில் ஒருவன் தன் அக்காவின் காது மிஷினுக்கும் இப்படி ஒன்று கிடைக்குமா என்று கேட்டான். பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் என்னிடம் நான்கு பேர் வவ்வால் கேட்டுவிட்டார்கள். ரெனே, உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் முடிவுக்கு வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இன்றைக்கு வேஷம், சரி. நாளைக்கு? பூசணி எல்லாம் அழுகின பிறகு, வெறும் கிழவி காதில் மிஷினோடு உட்கார்ந்திருப்பாள். மாலை நடையிலும் அதையே மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன். கடைசி நிறுத்தத்துக்குப் பிறகு டுவேனின் டிப்போ வலப்பக்கம், டாக்டரின் கிளினிக் இடப்பக்கம்.

என் கடைசி நிறுத்தம் ஒரு பண்ணை வாசல். அங்கே இறங்குவது லினேயா, பாலர் வகுப்பு, இந்த செப்டம்பரில்தான் பள்ளியில் சேர்ந்தாள். அமைதியான குட்டி. தினமும் படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து உதட்டை அசைப்பாள். டாட்டா சொல்கிறாள் என்று நானும் தினமும் சிரித்துத் தலையை ஆட்டி அனுப்புவேன்.

அன்றைக்குத் தேனீ வேஷத்தில், கோணலான கொம்போடு, அதே படியில் நின்றாள். முதல்முறையாக அவள் குரலைக் கேட்டேன்.

"நாளைக்கும் நீங்கதானே வருவீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன கேட்டே கண்ணு?"

"நாளைக்கும் நீங்கதானே வருவீங்க? வேற யாரும் வந்தா எனக்கு பயமா இருக்கும்."

"தினமும் இதையா கேப்பே?"

"ஆமா. நீங்க தினமும் ஆமான்னு தலையாட்டுவீங்க. தினமும் வந்துடுவீங்க."

எட்டு வாரமாக, என்ன கேட்கிறாள் என்றே தெரியாமல், அந்தக் குழந்தைக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சிரிப்பார்களே என்று நான் பயந்துகொண்டிருந்த வண்டியில், நான் வராமல் போய்விடுவேனோ என்று ஒருத்தி பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். பின்னால் கார்கள் என் பஸ்ஸின் சிவப்பு விளக்கு அணையட்டும் என்று நின்றுகொண்டிருந்தன. நிற்கட்டும்.

"வருவேன்" என்றேன், தலையை ஆட்டாமல், வாயைத் திறந்து. "நாளைக்கும் நான்தான் வருவேன்."

அவள் இறங்கி ஓடினாள். அவள் அம்மா கதவைத் திறந்து உள்ளே விடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மணி நாலு பத்து. பஸ் கதவைச் சாத்திவிட்டு இடப்பக்கம் திருப்பினேன்.