பண்டமாரான் மழை

கன்னையாண்ணனுக்குப் பாட வராது, ஆட வராது, கிதாரைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் அவருடைய வலது கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. தேத்தண்ணி கிளாஸ், லோரிக் கதவு, ஆஸ்பத்திரி பெஞ்சு என்று எது கிடைத்தாலும் அதன்மேல் விரல்கள் “பண்டமாரான் மழை”யை வாசித்துக்கொண்டிருக்கும். கிள்ளானில் எங்கள் சாப்பாட்டுக் கடையில் அவர் உட்காரும் மேசைக்கு மட்டும் என் அத்தா கூடுதலாக நாலு ஆணி அடித்து வைத்திருந்தார்.

பண்டமாரான் மழை என்பது பாட்டு இல்லை. அதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது, வெறும் கிதார். எழுபதுகளின் தொடக்கத்தில் தலைநகரில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள் சேர்ந்து ‘சிக்னல்ஸ்’ என்று ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். அதில் கிதார் வாசித்தவர் சிவசம்பு, யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரயில்வேயில் கிளார்க். நீளமுடிக்காரர்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அரசாங்க கவுண்டர்களில் போர்டு தொங்கிய காலம் அது. மனுஷர் அந்த போர்டுக்குப் பின்னாலேயே முடியைச் சட்டைக் காலருக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை வந்தால் அவிழ்த்துவிட்டு மேடையேறுவார்.

ஒருமுறை கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் ஒரு கல்யாண விருந்துக்கு வாசிக்கப் போனபோது பெருமழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பாடுகிறவன் குரல் எடுபடவில்லை. சிவசம்பு பாடுகிறவனை உட்காரச் சொல்லிவிட்டு, மழையோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தாராம். அப்படிப் பிறந்ததுதான் அது. பிறகு இசைத்தட்டாக வந்து, எங்கள் கடை ஜூக்பாக்ஸில் தேயத் தேய ஓடியது. பள்ளிக்கூடச் சீருடையோடு கல்லாவுக்குப் பின்னால் நின்று நானும் கேட்டுக் கேட்டு பைத்தியம் பிடித்துத் திரிந்தேன்.

அந்தக் கல்யாணம் கன்னையாண்ணன் வீட்டுக்கு எதிர்வீட்டுக் கல்யாணம். ஆனால் அன்றைக்கு அவருக்குத் துறைமுகத்தில் ஓவர்டைம். ஊரே கேட்டதை அவர் கேட்கவில்லை. சரி, அடுத்த மேடையில் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தால், குழு கொஞ்ச நாளிலேயே உடைந்துவிட்டது. சிவசம்பு அண்ணன் அப்புறம் மேடையே ஏறவில்லை. சாவதற்குள் ஒருதரமாவது அதை நேரில் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் கன்னையாண்ணனின் ஒரே ஆசை. வீடு வாங்கவேண்டும், மகளைக் கட்டிக்கொடுக்கவேண்டும் என்றெல்லாம்கூட அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வருஷங்கள் ஓடின. தொண்ணூறுகளில் மலாய்ப் பையன்களின் ராக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்தன. அவர்களில் நாலைந்து பேர், ‘நாங்கள் கிதார் படித்ததே சிவசம்புவின் கேசட்டைக் கேட்டுத்தான்’ என்று பத்திரிகையில் சொன்னார்கள். நம் சங்கங்கள் மட்டும், “தமிழ்ப் பாட்டா வாசிச்சான்? இங்கிலீஷ்காரன் கூத்துதானே?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கன்னையாண்ணன் ஆத்திரப்படவில்லை. ரசிகர் மன்றம் ஆரம்பித்தார். பண்டமாரான் லோரிக்காரர்கள், சுங்கை பூலோ ஊர் ரோஸ்லி போன்ற நீளமுடி மலாய்ப் பையன்கள், காஜாங்கில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு சீனர் என்று ஆள் சேர்ந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் மண்டபம் எடுத்து சிவசம்பு அண்ணனுக்கு ஒரு பாராட்டு விழா என்று முடிவானது. சாப்பாடு என் பொறுப்பு.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. சிவசம்பு அண்ணனுக்கு வலது கை நடுங்கும் வியாதி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம் போலக் கை சொன்னபடி கேட்கும். அப்புறம் தன்னிஷ்டத்துக்கு ஆடத் தொடங்கிவிடும். அடுத்த மாத்திரை ராத்திரிதான், மீறிப் போட்டால் மயக்கம் வந்து விழுந்துவிடுவார். அவர் மனைவி மீனலோசனி அக்கா இதைக் கன்னையாண்ணனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். அவரும் அதற்கேற்றபடி நிகழ்ச்சியைப் போட்டிருந்தார். மூன்று மணிக்கு, அரசாங்கத்தில் டத்தோ பட்டம் வாங்கிய ஓர் அரசியல்காரர் வந்து குத்துவிளக்கு ஏற்றுவார், ஏற்றியதும் கிதார், பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

டத்தோ எதற்கு என்று நான் அப்போதே கேட்டேன்.

“டத்தோ வந்தாத்தான் பேப்பர்காரன் வருவான் ரம்லத். பேப்பர்ல படம் வந்தாத்தான் அண்ணனை மதிப்பானுங்க. இத்தனை வருஷம் யாரும் மதிக்கலையே லா,” என்றார் கன்னையாண்ணன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. நாற்காலி போதாமல் ரோஸ்லியின் கூட்டம் சுவரோரம் நின்றது. மேடையில் குத்துவிளக்கு, அதன் பக்கத்தில் ரோஸ்லி தூக்கிவந்த பெரிய ஒலிப்பெருக்கி. சிவசம்பு அண்ணன் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் நரைத்த குடுமியுமாக வந்து இறங்கினார். கன்னையாண்ணன் அவரைப் பார்த்ததும் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ரோஜா மாலையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். டத்தோவை வரவேற்க வேண்டுமே.

மூன்று அடித்தது. டத்தோ வரவில்லை.

நம்மவர்கள் விழா நடத்துவது எப்படி என்று உங்களுக்குத் தெரியாததா? பெரிய மனிதர் வந்து விளக்கேற்றாமல் மைக்கில் ஒரு ஹலோ சொல்லமாட்டார்கள். பசித்த பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுக்கமாட்டார்கள். டத்தோ பங்சாரில் இருக்கிறாராம் என்று ஒருவர் வந்து சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் வந்து அதையே சொன்னார். பங்சாருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் நடுவில் கடலா இருக்கிறது? நடந்தே வந்திருக்கலாம்.

மீனலோசனி அக்கா கமிட்டிக்காரர் ஒருவரைப் பிடித்து, “மருந்து முடியப் போகுது, அவரை இப்பவே வாசிக்க விடுங்கோ,” என்று கெஞ்சினார். “விளக்கேத்தாம எப்படிம்மா? டத்தோ கோவிச்சுக்குவாரு,” என்றார் அவர். அக்கா சிவசம்பு அண்ணனைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் என் சமையல்கட்டுக்கு வந்துவிட்டார்.

பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அண்ணன் உட்கார்ந்தார். கிதார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வலது கையை விரித்துப் பார்த்தார். அது அசையாமல் இருந்தது.

“இப்ப நல்லா இருக்கு. இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கும்,” என்றார். “அந்தப் பிள்ளை கன்னையாவைக் கூப்பிடும்மா. அவன் ஒருத்தன் கேட்டாப் போதும்.”

“மேடைக்கே வாங்கண்ணே. டத்தோவாவது மண்ணாங்கட்டியாவது. நான் போய் மைக்கைப் பிடுங்குறேன்.”

“வேண்டாம். அவன்தானே கூப்பிட்டு வச்சிருக்கிறான். பெரிய மனுஷனுக்கு முன்னால அவனுக்குத் தலைகுனிவாப் போயிடும்.”

நான் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். கன்னையாண்ணன் வெயிலில் நின்றிருந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாலையை இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கை விரல்களால் கேட் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தார். என்ன தட்டினார் என்று சொல்லவேண்டியதில்லை.

“அண்ணே, சமையல்கட்டுக்கு வாங்க. அவரு இப்ப வாசிக்கப் போறாரு. இப்ப விட்டா கை நிக்காது.”

அவர் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. இரண்டு எட்டு என்னோடு வந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கறுப்புக் கார் முனையில் திரும்பியது. ஓடிப்போய் மாலையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கார் எங்களைக் கடந்து கோயில் பக்கம் போய்விட்டது.

“அடுத்தது அவரு காராத்தான் இருக்கும்,” என்றார்.

“அண்ணே, இத்தனை வருஷமா எதுக்குத் தவிச்சீங்க? மாலையை வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு வாங்க!”

“தலைவர் நான் லா. நான் இல்லாம வந்து இறங்கினாருன்னா, மதிக்கலைன்னு அப்படியே திரும்பிருவாரு. அண்ணனுக்குக் கெடைக்கவேண்டிய மரியாதை போயிரும். அவருக்காகத்தானே ரம்லத் நான் இங்க நிக்கிறேன்.”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கு அவரை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தேன்.

“வரமாட்டேங்கிறாரு,” என்றேன் சிவசம்பு அண்ணனிடம். வாசலில் நடந்ததையும், மேசைக்கு ஆணி அடித்த கதையையும், கேட் கம்பியையும் கொட்டித் தீர்த்தேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு, “எதை வச்சுத் தட்டுவான்? வலது கையாலா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கிதாரை எடுத்தார். அது மின்சாரக் கிதார், ஆனால் ஒலிப்பெருக்கியோ மேடையில் இருந்தது. கம்பியின் சன்னமான ஒலி மட்டுந்தான் கேட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நல்லம்மாள் குழாயை மூடினாள். முதல் தூறல் விழுவதுபோல ஒவ்வொன்றாக ஆரம்பித்து, அது மெல்ல வலுத்து, கடைசியில் மொத்தமாகக் கொட்டியது. ஜூக்பாக்ஸில் நான் கேட்டதெல்லாம் இதன் நிழல்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. மீனலோசனி அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நாங்கள் மூன்று பெண்கள்தான் கேட்டோம்.

அவர் முடித்துக் கொஞ்ச நேரத்தில் வெளியே நாதஸ்வர கேசட் முழங்கியது. டத்தோ வந்துவிட்டார்.

விளக்கேற்றினார்கள். டத்தோ மைக்கைப் பிடித்து சமுதாயத்தைப் பற்றியும் அடுத்த தேர்தலைப் பற்றியும் பேசினார். சிவசம்பு அண்ணன் பெயரை ஒருமுறை சிவசுப்பு என்றார். பொன்னாடை போர்த்தினார், பேப்பர்காரர் படம் எடுத்தார். உடனே வேறு விழாவுக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டுவிட்டார். கன்னையாண்ணன் கார்வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு மூச்சிரைக்க மேடைக்கு ஓடிவந்தார். அதற்குள் மற்றவர்களும் வரிசையாகப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். துணிக் குவியலுக்குள் அண்ணனின் முகம் மட்டும் தெரிந்தது.

பொன்னாடைகளை மீனலோசனி அக்கா ஒவ்வொன்றாக எடுத்தார். அடியில் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. முன் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கன்னையாண்ணன் அந்தக் கையையே பார்த்தார். என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு அந்த இடத்தில்தான் முழுசாகப் புரிந்திருக்க வேண்டும். மைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரோஸ்லி கிதாரை ஒலிப்பெருக்கியில் இணைத்து அண்ணன் மடியில் வைத்தான். அவர் வாசிக்க முயன்றார். விரல் கம்பியில் பட்டுப் பட்டு விலகியது. அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. போதும், வேண்டாம் என்று சொல்கிற கைதட்டல் அது. அவர் இடது கையை உயர்த்தி அதை நிறுத்தினார்.

“எனக்கு இந்தக் கைதான் போச்சு. இடது கை இருக்கு,” என்றார் மைக்கில். “கன்னையா, இப்படி வா. பக்கத்துல உட்காரு.”

“எனக்குக் கிதார் தெரியாதுண்ணே.”

“தெரியவேண்டாம். மேசையில தட்டுறதை இதுல தட்டு.”

இரண்டு நாற்காலிகளை ஒட்டிப் போட்டார்கள். கிதாரின் உடம்பு கன்னையாண்ணன் மடியில், கழுத்து சிவசம்பு அண்ணனின் இடது கையில். அண்ணன் விரல்களைப் பதித்துத் தலையசைத்தார். கன்னையாண்ணனின் வலது கை கம்பிமேல் விழுந்தது.

நன்றாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். பாதி இடத்தில் கரகரத்தது, ஓரிடத்தில் சத்தமே எழவில்லை. ஆனால் தாளம் மட்டும் ஓரிடத்திலும் தப்பவில்லை. தூறல் தூறலாகவே விழுந்தது. சிவசம்பு அண்ணனின் வலது கை அவர் தொடையில் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்க, கன்னையாண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். ரோஸ்லி தலைமுடியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கொட்டும் மழைக்குப் போகுமுன் அண்ணன் இடது கையை எடுத்துக்கொண்டு, “இதோடு போதும்,” என்றார். யாரும் உட்காரவில்லை.

எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு கன்னையாண்ணன் சமையல்கட்டுக்கு வந்தார். விரல்நுனிகள் சிவந்து தோல் உரிந்திருந்தன. ஸ்டூலைக் காட்டிக் கேட்டார்.

“இதுலயா உட்கார்ந்து வாசிச்சாரு?”

“ஆமாண்ணே.”

“முழுசாவா? கொட்டுற மழை வரைக்கும்?”

“முழுசா.”

“எப்படி இருந்துச்சு?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “நீங்க கேட்டிருக்கணும்ணே,” என்றேன்.

அவர் தலையாட்டினார். ஸ்டூலில் உட்காராமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்தேன். அவருடைய வலது கை முழங்காலின்மேல் அசையாமல் கிடந்தது. கிளாஸை எடுக்கக்கூட அது எழவில்லை.