தவக்காலத்தில் கேட்ட நாடகம்

மதலேனம்மாள் தவக்காலத்துக்கு விட்டது கறியை மட்டுமல்ல, ஏழரை மணி நாடகத்தையும்தான். கறியை எல்லோரும் விடுவார்கள், நாடகத்தை விடத்தான் நெஞ்சுரம் வேண்டும் என்று தானே சொல்லிக்கொள்வாள். ஆனால் பார்ப்பதைத்தான் விட்டிருந்தாள். மறுநாள் தீப்பெட்டி ஆபீசில் பெட்டிகளை டஜன் டஜனாகக் கட்டிக்கொண்டே எதிர் வீட்டுப் பொன்மணி வாயால் கேட்பதில் பாவமில்லை என்று தீர்ப்பையும் அவளே சொல்லிக்கொண்டாள். பங்குச் சாமியாரிடம் கேட்டாயா என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சலில்லை.

தீக்குச்சி மருந்து இருக்கிற இடம் என்பதால் செல்போன்களை வாசலிலேயே கூடையில் போட்டுவிட வேண்டும். அதனால் கழுகுமலை ரோட்டிலிருந்த அந்த ஆபீசில் கதை என்றால் வாய்க்கதைதான். பொன்மணி சொன்னால் மாமியார் மூக்கை விடைப்பதுகூடக் கண்ணில் தெரியும்.

அந்த மாதம் சண்டை முழுக்க நாடகத்து நாயகி மகிழினியைப் பற்றி. புருஷன் கை நீட்டிவிட்டான் என்று அவள் சூட்கேசோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். மதலேனம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு நாள் பொறுத்தவள் இப்போது எதற்கு வெளியேற வேண்டும், இவள் போய்விட்டால் அந்த மாமியாரை யார் மடக்குவது, கதை எங்கே ஓடும் என்று கேட்டாள். எதிரே லேபிள் சரிபார்க்கும் ஜீனா விடுகிறவளா? போன வருஷமே வெளியேறியிருக்க வேண்டும், டைரக்டர்தான் இழுத்துவிட்டார் என்றாள். புருஷன்காரன் அழுது மன்னிப்புக் கேட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“அத்தன நாள் மிருகமா இருந்தவன் ஒரே எபிசோடுல எப்படிக்கா திருந்துவான்? விளம்பரம் போட்டு வாரதுக்குள்ள நல்லவனாயிட்டான்.”

“ஆம்பள திருந்தலன்னா நாடகத்த எப்படி முடிப்பாவ?” என்றாள் மதலேனம்மாள். அத்தோடு பேச்சு நின்றது. ஆபீசில் மட்டுமல்ல, தெருவிலும் அவள் சொன்னதுதான் முடிவு.

பொன்மணி எந்தப் பக்கமும் பேசவில்லை. அவள் மகள் ராதாமணி பொங்கல் கழிந்து, கட்டிக்கொடுத்த நாகலாபுரத்திலிருந்து வந்தவள், இன்னும் திரும்பிப் போகவில்லை. மஞ்சள்காமாலைக்கு மருந்து சாப்பிடுகிறாள் என்று பொன்மணி சொல்லி வைத்திருந்தாள். காமாலை காதையா அடைக்கும்? ராதாமணிக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை. கதவு சாத்துகிற சத்தத்துக்குத் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்களோடு வந்து கூட்டிப் போவதாக மருமகன் போனில் அழுதிருந்தான். அனுப்பப் பொன்மணிக்கு மனமில்லை. ஆனால் அனுப்பாவிட்டால் மதலேனம்மாள் என்ன சொல்வாளோ என்று பயந்தாள். புருஷன் இல்லாதவளுக்கு அந்தத் தெருவை விட்டால் வேறு துணை கிடையாது.

வியாழக்கிழமை நாடகத்தில் மகிழினி திரும்பிப் போய்விட்டாள். பெற்றவளே சூட்கேசைத் தூக்கிக் கொடுத்தாள், மாமியார் ஆரத்தி எடுத்தாள். மறுநாள் பொன்மணி, மகிழினியின் புருஷன் வந்து வாசலில் நின்றதுவரை உள்ளபடியே சொன்னாள். அதற்குமேல் உள்ளபடி சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

“நான் வரலன்னு மகிழினி மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டாக்கா.”

ஜீனா சட்டென்று நிமிர்ந்தாள். அவளும்தான் நேற்று பார்த்திருந்தாள். பொன்மணியின் கையில் கட்டுக் காகிதம் கோணலாகக் கிழிந்திருந்ததைக் கண்டதும் லேபிளைப் பார்க்கக் குனிந்துகொண்டாள். நாடகம் பார்த்த மற்றவர்களும் மூச்சு விடவில்லை.

மதலேனம்மாள் பொன்மணி பக்கம் திரும்பினாள். “அவ அம்மா என்ன சொன்னா?”

அதைப் பொன்மணி யோசித்து வைக்கவில்லை. “ஒண்ணும் சொல்லல. பக்கத்துல நின்னா.”

“அதுதான் கதையில தப்பு. பிள்ள மட்டும் சொன்னா ஊரு திமிருங்கும். பெத்தவ வாயத் தொறந்து அனுப்ப மாட்டேன்னு சொல்லணும்லா.”

ஞாயிற்றுக்கிழமை நாகலாபுரத்து ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மருமகன் நேரிலும் அழுதான். குறை சொல்ல முடியாது, நன்றாகவே அழுதான். ராதாமணி நல்ல காதைக் கதவோரம் வைத்து உள்ளே நின்றாள். அனுப்ப மாட்டேன் என்று பொன்மணி சொன்னபோது குரல் நடுங்கியது. இன்னொரு தரம் நடுங்காமல் சொன்னாள். வந்தவர்கள் தெருவில் நின்று நியாயம் கேட்டார்கள். எதிர் வீட்டுப் படியில் மதலேனம்மாள், கோயிலிலிருந்து கொண்டுவந்த குருத்தோலையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். அவள் வாய் திறக்காததால் தெருவில் ஒருவரும் திறக்கவில்லை. வேன் வந்த வழியே போனது.

அந்த வாரமெல்லாம் பொன்மணி மகிழினிக்குப் புதுக் கதை கட்ட வேண்டியதாயிற்று. தவக்காலம் இன்னும் நீளும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். குருத்தோலை ஞாயிறு வந்துவிட்டால் அடுத்த ஞாயிறே ஈஸ்டர், அத்தோடு விரதம் முடிந்தது என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை மதலேனம்மாள் வந்து உட்கார்ந்தாள்.

“நேத்து டிவி போட்டேன். மகிழினி அவன் வீட்டு அடுப்படியில நிக்கா.”

பொன்மணி கட்டுக் காகிதத்தைக் கீழே வைத்தாள். “யக்கா…” என்று தொடங்கினாள்.

“அந்த டைரக்டருக்குக் கதை சொல்லத் தெரியல. நீ சொன்னதையே மேல சொல்லு” என்றாள் மதலேனம்மாள், கட்டுவதை நிறுத்தாமலே. “பிள்ள தூங்குதாளா?”

எந்தப் பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை.

“தூங்குதாக்கா. நேத்து கதவு சாத்தும்போதுகூட எந்திரிக்கல.”