சாமி குத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு சிவசாமி ஈரவேட்டியோடு முனிக்கல்லை மூன்று தடவை சுற்றிவர வேண்டும். கையில் சேவல் இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நின்று, "என் குத்தம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள். சொல்லிவிட்டால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் அவரோடு பழையபடி முகம் கொடுத்துப் பேசுவார்கள். அவருடைய மகள் தனுஜாவைப் பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போய், பிறகு சத்தமில்லாமல் பின்வாங்கிய நல்லதண்ணி ஊர் மாப்பிள்ளை வீட்டாரும் மனம் இறங்கலாம்.

செத்துப்போனவள் நிலக்ஷி. திலக்ஷனின் மனைவி. அதனால் பூசையில் முன்னால் நிற்க வேண்டியவன் அவன்.

"நீங்க நிக்காட்டி பூச செல்லாதாம், மாப்பிள்ள," என்றாள் மாமியார் மீனம்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம், வாசலில் விறகு பிளந்துகொண்டே சொன்னாள். "அந்த மனுசன் மேல எனக்குக் கோவம் இல்ல. கூரைக்கு ஒரு கம்பு வேணும்னு வெட்டியிருக்காரு. பாவந்தான். ஆனா சாமிகிட்ட பாவம் பாக்க முடியுமா?"

"சரி அத்த."

அவள் செத்து முப்பத்தெட்டு நாளாக அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

நடந்தது இவ்வளவுதான். ஏழாம் நம்பர் மலையில் பன்னிரண்டு பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிழல்மரத்தில் இருந்த குளவிக்கூடு கலைந்தது. பதினொரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். நிலக்ஷிக்கு லொறியில் போகும்போதே உயிர் போய்விட்டது.

திடீர் மரண விசாரணைக்கு வந்தவர், "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றான். சிங்களத்தில் எழுதியிருந்த தாளை அவர் தமிழில் வாசித்துக் காட்டினார். குளவி கொட்டியதால் மரணம், குற்றச்செயல் எதுவும் இல்லை. திலக்ஷன் கையெழுத்துப் போட்டான்.

பன்னிரண்டாம் நாள் கோடாங்கி பார்த்தார்கள். உடுக்கையை அடித்துக்கொண்டிருந்த ஆள் திடீரென்று நிறுத்தி, முனி நிற்கிற மரத்தில் யாரோ கை வைத்திருக்கிறான் என்றான். கூட்டத்தில் சிவசாமி தானாகவே எழுந்து நின்றார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். ஏழாம் நம்பர் மலை அடியில் முனிக்கல்லுக்குப் பக்கத்து மரத்தில், மழைக்கு முன்னால் ஒரு கொப்பை வெட்டியிருந்தார். சமையலறைக் கூரை சரிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து அவருடைய பெண்டாட்டி பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். "கொப்பு வெட்டுற வீடு, தள்ளி நில்லுங்கடி, தலையில விழும்," என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்ததை திலக்ஷன் தன் காதால் கேட்டான். கேட்டும் கேட்காதவனாக நடந்துபோனான்.

குத்தம் என்ற சொல் அந்தத் தோட்டத்தில் மலிவான சொல். கொழுந்தில் தண்டு கூடினால் குத்தம். குழம்பில் புளி தூக்கலானால் குத்தம். கல்யாண வீட்டில் நாற்காலி கொடுக்கவில்லை என்றால் அதுவும் குத்தம், மூன்று வருசத்துக்குப் பேச்சு இருக்காது. ஆள் செத்தால் மட்டும் அந்தச் சொல்லைத் தூக்கி சாமியிடம் கொடுத்துவிடுவார்கள். டிப்ளோமா படித்த காலத்தில் திலக்ஷன் இதைச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறான். இப்போது சாமியிடம் போன அந்தச் சொல் சிவசாமியின் தலையில் இறங்கி நிற்கிறது. அது யாருடைய தலையில் இறங்கியிருக்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்.

அவன் அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. எந்த மலைக்கு யார் போவது என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சொல்கிறவன். நிலக்ஷி சாவதற்கு முந்தின நாள் மாலை, வேலை விட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் அடுப்பங்கரையில் நின்று சொன்னாள்.

"ஏழாம் நம்பர்ல, மேல் ரோட்டு ஓரத்து மரத்துல பெரிய கூடு ஒண்ணு தொங்குது. வாரப்பதான் பாத்தேன். நாளைக்கு அங்க ஆள் போட்டுறாதீங்க."

அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாம் நம்பரில் கொழுந்து முற்றுகிறது, நாளைக்கு முடித்தாக வேண்டும் என்று மனேஜர் துரை போன் குழுவில் போட்டிருந்தார். அதற்கு "சரி சேர்" என்று பதில் எழுதிக்கொண்டிருந்தான்.

"கணக்கப்புள்ள ஐயாவுக்கு வீட்டுல சொன்னா காதுல விழாதோ? பெரட்டுல வந்து கைகட்டிச் சொல்லணுமோ?"

"ம்," என்றான்.

காதில் விழுந்தது. விழவில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறான், ஒட்டவில்லை. காலையில் ஆள் அனுப்பிப் பார்க்கலாம் என்று நினைத்தான். காலையில் மறந்துபோனான். பனிமூட்டத்தில் நின்று, "ஏழாம் நம்பர், பன்னிரண்டு பேர்," என்று கூப்பிட்டபோது நிலக்ஷி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பெயரைச் சரிபார்க்கிறவன் தலையசைக்கிற மாதிரி அவன் அசைத்தான். கூட்டைப் பார்த்தாகிவிட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள். வேறு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், கூடையை மாட்டிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை பகல் சிவசாமி ஆபீஸ் வாசலுக்கு வந்தார். செருப்பை எட்டவே கழற்றி வைத்தார்.

"கணக்கப்புள்ள ஐயா, நாளைக்கு நான் எங்க நின்னு பேசணும்? கல்லப் பாத்தா, ஆளுகளப் பாத்தா?"

"தோட்டத் தலைவர் சொல்வாருங்க."

"அவரு சொன்னாரு, வாய் கொழறாம சொல்லுன்னு. எனக்குக் கூட்டத்துல பேசிப் பழக்கம் இல்ல. வீட்டுல சொல்லிப் பாத்தேன். தனுஜா புள்ள அழுவுது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணு மட்டும் உங்ககிட்ட நேர்ல சொல்லணும்யா. அந்தக் கொப்பு இம்புட்டுத்தான் இருக்கும். என் கைப் பருமன். அதுக்கு உங்க வீட்டுப் புள்ள போகும்னு தெரிஞ்சிருந்தா, கூரை விழுந்து நாங்க செத்தாலும் பரவால்லன்னு விட்டிருப்பேன். நான்தான் கொன்னுட்டேன். என்னய மன்னிச்சிருங்க."

திலக்ஷனுக்கு உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. வாசலில் வேறு யாரும் இல்லை. தோட்டமே வேலையில் இருந்தது. கீழே றொசல்ல ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது.

"சரிங்க," என்றான். "போயிட்டு வாங்க."

சிவசாமி கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் வளைவு திரும்பும்வரை திலக்ஷன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேசைக்குப் போய், காலையில் போட்ட பெயர்களையே மறுபடியும் எழுதினான். எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது.

ஞாயிறு மழை இல்லை. முனிக்கல்லுக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டியிருந்தார்கள். நான்கு லயத்து ஆட்களும் வந்திருந்தார்கள். முகத்தில் இன்னும் தழும்போடு குளவி கொட்டிய பெண்களும் நின்றார்கள். தோட்டத் தலைவர் யோகேஸ்வரன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"சேவலு நல்ல சேவலா, இல்ல சாமிக்கும் சீக்குக் கோழியா?" என்று ஒரு கிழவன் கேட்டான்.

"உனக்குக் குழம்புல காலு கெடைக்குமான்னு கேளு, அதானே விசயம்," என்றார் தலைவர். கொஞ்சப் பேர் சிரித்தார்கள்.

சிவசாமி பீலியில் நனைந்து வந்தார். குளிரில் தாடை ஆடியது. சேவலை இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தார். தூரத்தில் தனுஜா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள்.

முதல் சுற்று முடிந்தது. சிவசாமி கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

"என்," என்றார். அடுத்த சொல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமா," என்றார் தலைவர்.

"அவரு சொல்ல வேணாம்," என்றான் திலக்ஷன்.

தன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். இனி நிறுத்த முடியாது என்பது ஏதோ ஒரு விதத்தில் சுலபமாக இருந்தது. கூடு இருக்கிறது என்று நிலக்ஷி முந்தின நாளே தன்னிடம் சொன்னதையும், தான் பார்க்காமல் ஆள் அனுப்பியதையும் நாலு வரியில் சொல்லி முடித்தான்.

யோகேஸ்வரன்தான் முதலில் கிட்ட வந்து தோளில் கை வைத்தார்.

"தம்பி, துக்கத்துல அப்படித்தான் தோணும். எங்கப்பா செத்தப்ப நானும் என்னயத்தான் நெனச்சேன். கொஞ்சம் உக்காருங்க. யாராச்சும் தண்ணி குடுங்கப்பா."

"தோணல தலைவர். நடந்தது."

"நடந்துச்சுன்னே வைங்க. மறந்து போறது மனுசனுக்கு உள்ளதுதானே. அதப் போய் குத்தம்னு சொல்வாங்களா?" கூட்டத்தைப் பார்த்தார். இரண்டு மூன்று தலைகள் ஆமோதித்தன. பூசை நடந்துவிட்டால் போதும் என்பது அவருடைய கவலை.

மீனம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் அழவில்லை.

"அவ என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லு."

கல்யாணமான இரண்டு வருசத்தில் அவள் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் சொன்னான். மரம், கூடு, நாளைக்கு ஆள் போட்டுறாதீங்க. கணக்கப்பிள்ளை ஐயா என்று கிண்டல் செய்ததையும் விடாமல் சொன்னான்.

"அதுக்கு நீ?"

"ம்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. சோறு போட்டா."

"தின்னியா?"

"தின்னேன் அத்த."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலைத் தலைப்பை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள்.

சிவசாமி இன்னும் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அப்ப நான் இல்லையா?" என்று கேட்டார்.

"நீங்க இல்லைங்க."

"நேத்து உங்க வாசல்ல வந்து நான்தான் கொன்னேன்னு சொன்னேன்."

"ஆமாங்க."

"அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

திலக்ஷன் தலையசைத்தான்.

சிவசாமியின் குரல் உயரவில்லை. சந்தேகம் கேட்கிற ஆளைப்போலத்தான் கேட்டார். "மறந்தது மறதி. தலைவர் சொல்றாரு, சரி. இருபத்தெட்டு நாளு என் பொண்டாட்டி பீலியில தண்ணி புடிக்க முடியல. என் புள்ளைக்குப் பூ வச்சவங்க வாறதையே நிறுத்திட்டாங்க. அத்தன ராத்திரியும் நான் தூங்கல, உங்க வீட்டுப் புள்ள மொகந்தான் வருது. எல்லாத்தையும் நீங்க பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க. அதுக்கு என்ன பேருய்யா? படிச்சவரு, சொல்லுங்க."

யோகேஸ்வரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மீனம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

அதற்கு ஒரே பெயர்தான் இருந்தது. விசாரணைத் தாளில் இல்லை என்று எழுதியிருந்த அதே சொல். சாவுக்காக அதைச் சுமக்க அவன் தயாராகத்தான் வந்திருந்தான். அந்த நாட்களுக்காகவும் சுமக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

"குத்தம்," என்றான்.

"கேக்கல," என்றாள் குளவி கொட்டியவர்களில் ஒருத்தி. பின்வரிசையில் நின்றவள். அவளுடைய இடது கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

"என் குத்தம்."

சிவசாமி தலையாட்டவில்லை. சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெண்டாட்டியும் மகளும் நின்ற இடத்துக்குப் போனார். தனுஜா தன் சால்வையை எடுத்து அவர் முதுகில் போர்த்தினாள். மூன்று பேரும் படிக்கட்டில் ஏறினார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். தலைவர் வேப்பிலையை அவிழ்ப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்.

மீனம்மா மட்டும் போகவில்லை.

"வீட்டுக்கு வராத," என்றாள். "இன்னைக்கு வராத. அப்புறம் பாப்போம். நாளைக்குப் பெரட்டுல அந்தப் பதினொரு பேருகிட்டயும் நீயே சொல்லு. இங்க வராதவங்களும் இருக்காங்க. ஒவ்வொருத்தர் மொகத்தப் பாத்துச் சொல்லு. அதுக்கப்புறம் பொலிசுக்குப் போய், நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்தது பொய்னு சொல்லு. நானும் வருவேன்."

"சரி அத்த," என்று வாய்வரை வந்தது. அந்தச் சரியை விழுங்கிக்கொண்டான்.

"போறேன்," என்றான்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு ஆட்கள் வந்து நின்றார்கள். துரை இன்னும் வரவில்லை. திலக்ஷன் பெயர்ப் புத்தகத்தை மேசையில் மூடி வைத்துவிட்டு வெளியே இறங்கினான். முதல் வரிசையில் கண் திறக்காதவள் நின்றாள். அவள் ஏற்கனவே கேட்டுவிட்டாள். இருந்தும் அவளிடமிருந்தே தொடங்கினான்.