தலைவருக்குத் தெரிவிக்கப்பட்டது

"ஐயா காதுல மெஷின மாட்டி விடுங்க. அப்புறம் முதல்ல இருந்து சொல்லுங்க."

கெய்லீன் இதைச் சொன்னதும் அறையில் இருந்த மூன்று ஆண்களில் இருவர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மூன்றாமவர் திரும்பவில்லை. அவருக்குத்தான் கேட்கவில்லையே. அவர்தான் தலைவர்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பிரெஸ்டன் அவளை எச்சரித்திருந்தான். செனட்டர் டில்மன் தலைவராக இருக்கும் கண்காணிப்புக் குழுவின் அலுவலகத்தை நடத்துபவன் அவன். தாத்தா காலத்திலிருந்தே வாஷிங்டனில் கோட்டும் டையுமாகத் திரியும் குடும்பம். "இங்க நீ எத வேணா கேளும்மா. போரப் பத்திக் கேளு, பட்ஜெட்டப் பத்திக் கேளு. ஐயா காதப் பத்தி மட்டும் வாயத் தொறந்துடாத. போன எலெக்‌ஷன்ல எதிராளி அவர் வயச வச்சே டிவி விளம்பரம் போட்டான். தெரியுமில்ல?"

தெரியும். எல்லோருக்கும் தெரியும். தெரிந்த எல்லோரும் சேர்ந்து பொத்திவைத்திருந்த விஷயம் அது.

அரசாங்கத்தின் துறை ஒன்று ரகசியமாக ஒரு காரியம் செய்தால், அதைக் குழுத் தலைவரிடம் சொல்லியாக வேண்டும் என்று சட்டம். இந்த வகை ரகசியத்தை அவர் ஒருவரிடம் சொல்லிவிட்டால் நாட்டுக்கே சொன்னதாகக் கணக்கு. சொல்வதற்கென்றே நாடாளுமன்றத்துக்கு அடியில் ஜன்னலில்லாத ஓர் அறை. போன், கைக்கடிகாரம் என்று காற்றில் பேசும் சாமான்கள் எதுவும் உள்ளே வரக்கூடாது. வாசலில் சின்னச் சின்னப் பெட்டிகளில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். டில்மனின் காது மெஷின் புது மாடல், போனோடு பேசுகிற ஜாதி. அதுவும் பெட்டிக்குள் போய்விடும். ஆக, நாட்டின் ரகசியங்களைக் காதால் காவல் காக்க வேண்டிய மனிதர், ரகசியம் சொல்லப்படும் ஒரே அறைக்குள் காதைக் கழற்றி வைத்துவிட்டு நுழைவார்.

துறையிலிருந்து ரகசியம் சொல்ல வருபவர் லாத்ரப். ஆரம்ப காலத்தில் அவர் நன்றாகத்தான் பேசியிருப்பார். கேட்காத மனிதரிடம் எதற்குத் தொண்டையை வீணாக்குவது என்று வருஷா வருஷம் குரலைக் குறைத்துக்கொண்டே வந்து, இப்போது உதடு மட்டும்தான் அசையும். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் கெய்லீனுக்கு ஏசியின் உறுமல்தான் கேட்கும். டில்மன் மட்டும் இடம் பார்த்துத் தலையாட்டுவார். ஒவ்வொரு பக்கம் புரளும்போதும் ஓர் ஆட்டல். சில இடங்களில் புருவத்தைச் சுருக்கி, "ம்ம், கவலையான விஷயந்தான்" என்பார். கடைசியில், முழுவதும் எனக்குத் தெரிவிக்கப்பட்டது என்று ஒரு கையெழுத்து. அதோடு அந்தத் துறையை அடுத்த ஒரு வருஷத்துக்கு ஒருவரும் ஏன் என்று கேட்க முடியாது.

இன்று அந்தக் கையெழுத்து விழுந்தால் லோரீன் டாக்கெட்டின் புருஷன் இன்னொரு வருஷத்துக்குத் தொலைந்தான்.

லோரீன் கெய்லீனின் ஊர்ப்பக்கம், கிழக்குக் கென்டக்கி. புருஷன் வெண்டல் கிரேன் ஓட்டுபவர். துறையின் ஒப்பந்த வேலை என்று போன வசந்தத்தில் கிளம்பியவர், எங்கே போனார், உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு தகவலும் இல்லை. துறையைக் கேட்டால், அப்படியொரு நபர் இருப்பதை உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்று பதில்.

"இருக்காரா இல்லையான்னே சொல்ல மாட்டாங்களாம்டி" என்று லோரீன் போனில் கத்தினாள். "அவரு பழைய பூட்ஸு எங்க வாசல்ல நாறிக்கிட்டுக் கெடக்கு. இல்லாத மனுஷன் பூட்ஸா இந்த நாத்தம் நாறும்? நீ பெரிய படிப்புப் படிச்ச புள்ள, அங்கதான இருக்க, கேட்டுச் சொல்லேன்."

கெய்லீனின் அப்பா சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர். அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் இவள் ஒருத்திதான். படித்தது சட்டம். படித்துவிட்டு வந்து பார்த்தால், சட்டம் சுவரோரம் வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்கிறது. இன்று ஐயாவின் காதைப் பற்றி வாயைத் திறந்தேவிட்டாள்.

"கெய்லீன், வெளிய போ" என்று பல்லைக் கடித்தான் பிரெஸ்டன்.

"போறேன். ஐயாவுக்கு இன்னிக்கு என்ன சொன்னாங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, போயிடறேன். உங்களுக்குக் கேட்டுச்சா?"

பிரெஸ்டன் லாத்ரப்பைப் பார்த்தான். லாத்ரப்புக்குச் சுருக்கென்றது.

"இங்க பாருங்கம்மா, பழிய எங்க துறை மேல போடாதீங்க. வெளிய போட்டு வர்ற மெஷினத்தான் நாங்க வேணாம்னோம். உள்ளயே போட்டுக்க, வயர் வச்ச மெஷின் ஒண்ணு அப்பவே வாங்கிக் குடுத்துட்டோம்." எழுந்து போய் மூலை அலமாரியைத் திறந்தார். ஓர் அட்டைப்பெட்டி. மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் பளபளவென்று இருந்தது. "அவர்தான் கேக்கவே இல்ல."

கெய்லீன் அதைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். நகத்தால் உறையைக் கிழித்தாள். டில்மன் முன்னால் மண்டியிட்டு, குழந்தைக்குக் கம்மல் போடுவதுபோல அந்தப் பெரிய ரோமம் முளைத்த காதில் சொருகி, பொத்தானை அழுத்தினாள்.

"ஐயா, கேக்குதா?"

டில்மன் துள்ளி விழுந்தார். "அடக் கடவுளே! இந்த ரூம்ல என்னய்யா இவ்ளோ சத்தம்?"

"அது ஏசிங்கய்யா. மிஸ்டர் லாத்ரப், இப்ப சொல்லுங்க. வெண்டல் டாக்கெட் எங்க?"

லாத்ரப் வாயைத் திறந்தார். இத்தனை வருஷத்துக்கப்புறம் ஒருவர் கேட்கப்போகிறார் என்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. தாளைப் புரட்டினார், கனைத்தார், தண்ணீர் குடித்தார். "அதாவது... அந்தத் தளத்துல... அந்த நபரப் பொறுத்த மட்டுல..."

டில்மனின் கை மெதுவாக மேலே போனது. அவர் மெஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"ஐயா!"

"கண்ணு, நீ சின்னப் பொண்ணு" என்றார் டில்மன். பாவமாகத்தான் சொன்னார். காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரல். "காதுல விழுந்துட்டா அப்புறம் நான் பதில் சொல்லணும். ஏன் தடுக்கலன்னு நாளைக்கு என்னக் கேப்பாங்க. விழலன்னா யாரும் கேக்க முடியாதில்ல? அந்தப் பெட்டி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மிக அழகான கையெழுத்து.

கெய்லீனுக்குக் கொதித்தது. அவருக்குக் கேட்கவில்லை என்றல்லவா இத்தனை நாள் பரிதாபப்பட்டிருந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"இத்தோட விட்டுடு" என்றான் பிரெஸ்டன். "இந்த ரூம்ல சொன்ன விஷயம் வெளிய போச்சுன்னா ஜெயில். நெனப்பிருக்கட்டும்."

"இந்த ரூம்ல என்ன சொன்னாங்க?"

"என்ன?"

"எனக்கு ஒண்ணுமே கேக்கல சார். உங்களுக்கும் கேக்கல. ஐயாவுக்குக் கேக்க இஷ்டமில்ல. ரகசியம்னு ஒண்ணு என் காதுல விழுந்திருந்தாத்தான நான் வெளிய சொல்றதுக்கு? அவருக்குச் சொல்லவே இல்லங்கறதத்தான் சொல்லப்போறேன். அவர் காது எந்தச் சட்டத்துல சார் ரகசியம்? நானும் சட்டந்தான் படிச்சேன், எனக்குத் தெரியாம எங்க எழுதி வச்சிருக்காங்க, காட்டுங்க."

லாத்ரப் பிரெஸ்டனைப் பார்த்தார். "அவங்க சொல்றது... சட்டப்படி..."

"வாய மூடுய்யா!" என்று கத்தினான் பிரெஸ்டன். அந்த அறையில் அத்தனை வருஷத்தில் தெளிவாகக் கேட்ட முதல் அரசாங்க உத்தரவு அதுவாகத்தான் இருக்கும். பிறகு குரலை இறக்கி, "கெய்லீன், உன் வேல போயிடும்மா. மேல நிருபர்கள் நிக்கறாங்க. யோசிச்சுப் பாரு" என்றான்.

யோசிக்க என்ன இருக்கிறது? வேலை போகும் என்பது வாயைத் திறந்தபோதே அவளுக்குத் தெரியும். சொல்லாமலே சொன்னதாக ஒரு கையெழுத்து என்று வெளியே தெரிந்தால் அது செல்லாது. துறை மறுபடி வந்து, இந்த முறை குழு முழுவதும் உட்கார்ந்திருக்க, வெண்டல் எங்கே என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

"என்ன சொல்றா இந்தப் பொண்ணு?" என்று கேட்டார் டில்மன், கையை மூடியபடியே.

கெய்லீன் கனத்த கதவைத் தோளால் தள்ளித் திறந்து, மாடிப்படியைப் பார்த்து நடந்தாள்.