கேப்டன் வண்டியின் மூச்சு

மனித குலத்தின் வரலாறு என்பது இழுப்பவர்களின் வரலாறு. இழுக்கிறவன் ஒருவன் நின்றால் உலகமே நின்றுவிடும். மீட்பு வண்டிக்காரர் கேப்டன் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவருடைய வண்டி மேட்டுச் சாலையின் பாதியில் கரும்புகை கக்கிக்கொண்டு நின்றிருந்தது. அவர் இழுத்துவந்த பால் வேனின் டிரைவர் கீழே இறங்கி, வேனையும் கேப்டனையும் சேர்த்துப் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் எந்தக் கப்பலிலும் ஏறியவரில்லை. தோளில் பட்டை வைத்த சட்டை போடுவார், அவ்வளவுதான். எட்டு மாதம் முன்பு இந்த வண்டியைப் பழையதாக வாங்கியபோது பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை. டயரை இரண்டு உதை உதைத்துவிட்டு, "நல்ல ஜாதி" என்றார்.

பால் வேன் கதை பஸ் டிப்போ வரைக்கும் போய்விட்டது. பழுதாகி நிற்கிற பஸ்களை ஒரு வருடத்துக்கு இழுக்கும் வேலையை மேலாளர் அவருக்குத்தான் தருவதாக இருந்தார். இப்போது கூப்பிட்டு விட்டார்.

"அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, டிப்போ பின்னாடி மேட்டுல ஒரு பஸ்ஸ நிக்காம இழுத்துக் காட்டுங்க. வண்டியில என்ன வேலை பார்த்தீங்கன்னு மெக்கானிக் எழுதின சீட்டும் வேணும். இல்லேன்னா கிரேன்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார்."

அந்த வேலை கிடைக்காவிட்டால் வண்டியை விற்றுவிட்டு மறுபடியும் இன்னொருவர் வண்டிக்கு டிரைவராகப் போக வேண்டும். அங்கே யாரும் கேப்டன் என்று கூப்பிடமாட்டார்கள்.

கேப்டனின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி விற்பவர். கேப்டன் வீட்டு மாடி அறையில் குடியிருப்பு, கீழே சாப்பாடு. மூக்குக்கண்ணாடி தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி அவருக்குத் தெரியும்.

"கரும்புகைன்னா இன்ஜினுக்கு மூச்சு பத்தலைன்னு அர்த்தம் மாமா. சூப்பர்சார்ஜர் போடுங்க. பெல்ட் போட்டு இன்ஜினோட கட்டிடுவாங்க. ஆக்சிலேட்டர்ல காலை வச்ச நிமிஷமே காத்தை உள்ள தள்ளும்."

"டர்போதான்" என்றார் கேப்டன். "வீணாப் போற புகையை வச்சே விசிறியைச் சுத்தி காத்தைத் தள்ளும். யார் கையையும் எதிர்பார்க்காது."

"அது சூடாகி, யோசிச்சு, எழுந்து வர்றதுக்குள்ள பஸ் பின்னால உருண்டு போயிடும்."

"உன் சூப்பர் மட்டும் என்ன? இன்ஜின்கிட்டயே வாங்கித் தின்னுட்டு இன்ஜினுக்கே உதவி பண்ணுது. வீட்டோட மாப்பிள்ளை கணக்கா."

மச்சான் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தார். "அக்கா வீட்டுல சாப்பிடுறதச் சொல்றீங்களா?"

"நான் இன்ஜினைச் சொன்னேன்."

"பத்து நாளா ரெண்டு பேரும் வெறும் காத்தைப் பத்தியே பேசுறீங்க" என்றாள் கேப்டனின் மனைவி, இருவர் தட்டிலும் குழம்பை ஊற்றியபடி. "ஏங்க, வாசல்ல கிடக்கே ஒத்தைச் செருப்பு, அதைத் தூக்கிப் போடட்டுமா?"

"இருக்கட்டும். எதுக்காவது ஆகும்."

வெள்ளிக்கு இரண்டு நாள் இருக்கையில்தான் இருவரும் பட்டறைக்குப் போனார்கள். மெக்கானிக் அம்மா ஒரு லாரிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி இரண்டு தரப்பையும் முழுசாகக் கேட்டார். பிறகு எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பானெட்டைத் தூக்கினார்.

"கேப்டன், நத்தை மாதிரி சுருண்டு இருக்கே, இது என்ன?"

கேப்டன் குனிந்து பார்த்தார். "தண்ணி பம்பு."

"டர்போ. கம்பெனியிலேயே வச்சுக் கொடுத்தது."

மச்சான் கைக்குட்டையால் வாயைத் துடைப்பவர் போல, தன் முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டார்.

"பத்து நாளா என்கூடச் சண்டை போட்டு நீங்க கேட்ட சாமான் மாமா இது. ஜெயிச்சுட்டீங்க."

"அப்புறம் ஏன் இழுக்கலை?" என்றார் கேப்டன், மச்சான் பக்கம் திரும்பாமலே.

"அதான் நானும் பார்க்கிறேன். இந்த வண்டி முன்ன விசில் அடிச்சுதா?"

அடித்தது. ரயில் மாதிரி அடித்தது. இரண்டு மாதம் முன்பு டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்து, உள்பக்கமாக எதையோ செருகி, கம்பி சுற்றி, விசிலை நிறுத்தியவர் கேப்டன்தான். அந்த வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சு. அதற்கு மறுவாரம் வண்டி மேட்டில் மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"ஞாபகம் இல்லம்மா" என்றார்.

மெக்கானிக் அம்மா குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, தடிமனான நீல ரப்பர் துண்டு ஒன்றை இழுத்து வெளியே எடுத்தார். கம்பியிலிருந்து நழுவி, குழாயின் குறுக்கே படுத்து முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"யாரு செஞ்சது இது?"

"பழைய ஓனரா இருக்கும். வண்டியை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாத ஆளு."

அந்த அம்மா துண்டைத் திருப்பி, அதன் அடியில் அச்சாகியிருந்ததைப் படித்துப் பார்த்தார். பிறகு புதுக் குழாயை மாட்டினார். சீட்டை எழுதி, மடித்து, கேப்டனின் சட்டைப் பையில் அவரே வைத்தார்.

வெள்ளிக்கிழமை பஸ் மேட்டில் ஒரே இழுப்பில் ஏறியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த கிரேன்காரர் பாதியிலேயே தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். டிப்போ அறையில் மேலாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கேப்டன் சட்டைப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, இழுப்பவர்களின் வரலாற்றைத் தொடங்கினார். பழைய ஓனரிடம் சீரழிந்து கிடந்த வண்டிக்குத் தானே மூச்சு கொடுத்த இடம் வரைக்கும் வந்துவிட்டார்.

"அந்தச் சீட்டு?" என்றார் மேலாளர்.

கேப்டன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கூட வந்திருந்த மச்சானும் எட்டிப் பார்க்க, மேலாளர் கோப்பில் ஏற்றுவதற்காக அதைச் சத்தமாகப் படித்தார்.

"டர்போ குழாயிலிருந்து செருப்பின் குதிகால் பகுதி அகற்றப்பட்டது. நீலம், இடது கால், ஒன்பதாம் நம்பர். புதுக் குழாய் ஒன்று. வேறு பழுது இல்லை."

மேலாளர் மேஜைக்கு அடியில் பார்த்தார்.

கேப்டனின் கால் ஒன்பதாம் நம்பர்.